பின் சீட்டில் ஆள் வேண்டும்

போன சனிக்கிழமை ஒரு டயர்க் கடைக்காரர் என்னை அழவைத்துவிட்டார்.

விலையைச் சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? விலையைக் கேட்டு அழுவது எனக்குப் பழகிப்போன விஷயம். காய்கறிக் கடையிலிருந்து பல் டாக்டர் வரை அந்த அழுகையை எல்லா இடத்திலும் அழுதிருக்கிறேன். இது வேறு.

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் தங்கையனின் கடை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். தமிழையும் மலையாளத்தையும் ஒரே டியூபில் அடைத்துக் காற்றடித்ததுபோலப் பேசுவார். டயரைக் கழற்றினால் உடனே மூலையில் வீசமாட்டார். மடியில் வைத்து, ஜோசியர் கை பார்ப்பதுபோல விரலால் தடவிப் பார்ப்பார். “ஓரம் ரெண்டும் தேஞ்சிருக்கு, நடு கெடக்கு... காத்து அடிக்காம ஓட்டுறீங்க.” “இது பிரேக்கை மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சது. ஆளுக்குப் பொறுமை இல்ல.” இப்படிச் சொல்லிக்கொண்டே போவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். டயரைக் காட்டிவிட்டுக் குணம் கெட்டவர் என்று பேர் வாங்கிப் போனவர்கள் உண்டு.

வெகுநாளாக அதிகம் ஓடாமல் கிடந்த என் மோட்டார் சைக்கிளின் பின் டயரைத் தடவினார். புருவம் உயர்ந்தது.

“சாரே, இது ஓடித் தேஞ்சதில்ல, கேட்டீங்களா?”

“பின்னே? உட்கார்ந்தே தேய்ந்ததா? ஆபீஸ் நாற்காலியில் என் பேன்ட் தேய்கிற மாதிரி?”

அவர் சிரிக்கவில்லை. தொழிலில் இருக்கும்போது தங்கையன் சிரிப்பதில்லை.

“நின்ன எடத்துல கறங்கி, சுத்திச் சுத்தித் தேஞ்சது. இங்க பாருங்க, குறுக்கக் குறுக்கக் கீறல். துண்டு துண்டா கல்லு கடிச்சு எடுத்திருக்கு. ஜல்லி ரோட்டுல ஏத்தம் ஏத்தியிருக்கீங்க. அதும் பின்னால ஆளில்லாம.”

இதெல்லாம் ரப்பரில் எழுதியா இருக்கும்?

“ஆள் இல்லை என்பது எப்படித் தெரியும்?”

“இதென்ன வித்தையா? பின்னால பாரம் இருந்தா சக்கரம் தரையைப் பிடிக்கும். பாரம் இல்லேன்னா ஏத்தத்துல பிடி கிட்டாது, சும்மா கறங்கும். கறங்கினா கல்லு வெட்டும். அவ்வளவுதான் காரியம்.”

“நான் டயரைக் காப்பாற்றத்தான் தங்கையா, ஆளை இறக்கிவிட்டேன்.”

இப்போது சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நல்லா காப்பாத்தினீங்க சாரே! டபிள் வெச்சுப் பையப் பைய ஏத்தியிருந்தா இன்னும் ஒரு வருஷம் கெடந்திருக்கும். ஆளையும் நடக்க வெச்சு, டயரையும் கல்லுக்குத் தின்னக் குடுத்து... யாரு சாரே அந்தப் பாவம்? கூட்டாளியா?”

“என் மனைவி.”

“அம்மா சுகமா இருக்காங்களா?”

அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நான் “இல்லை” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தங்கையன் டயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டியூபுக்குப் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

*

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கலாம். ஒரு காலத்தில் இங்கே ‘வீட்டு மேலிடம்’ என்று ஒருவர் அடிக்கடி வருவார். என் மீசையைப் பற்றிக் கருத்துச் சொல்வார். நான் வைத்த ரசத்தை வாளியில் ஊற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோவார். மூன்று வருஷமாக அவரைக் காணோம். “மேலிடம் சுகமா?” என்று உங்களில் சிலர் கார்டு போட்டுக் கேட்டீர்கள். நான் ஏதோ வேடிக்கையாக எழுதி நழுவிவிட்டேன். நழுவுவதில் நான் கெட்டிக்காரன்.

மேலிடத்தின் பெயர் ஸ்டெல்லா. பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், கரமனையில். திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். வித்துராவில் ஆளுக்கு ஒரு கட்டன் சாயா, பால் இல்லாத டீ. அப்புறம் மலை. இருபத்திரண்டு ஹேர்பின் வளைவுகள். அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, வந்த வழியே விழுந்தடித்து இறங்கி, பத்து மணிக்கு ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வருவேன். நடுவில் நாலு நாள் அவள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இன்னொரு டீச்சரோடு தங்கிக்கொள்வாள்.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மலை ஏறும்.

மோட்டார் சைக்கிள் ஒரு ரிட்டயர் ஆன போலீஸ்காரரிடம் வாங்கியது. அவர் ரிட்டயர் ஆகியும் வண்டி ஆகவில்லை, அதே அதட்டல் குரல். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனவே வண்டியைக் கொஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைக் குளிப்பாட்டுவேன். பழைய பனியனால் துடைப்பேன்.

“கையோட ஒரு ஞானஸ்நானமும் குடுத்துருங்க” என்பாள் ஸ்டெல்லா.

அதில் என்னுடைய பெரிய கவலை டயர். டயர் கிடைக்காத நாட்கள் அவை. கடையில் பெயர் எழுதிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த டயரை உயிர்போலக் காப்பாற்ற வேண்டும். நாளுக்கு ஒருமுறை குனிந்து பள்ளம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நகத்தை வைத்துப் பார்ப்பேன். என் தலையில் முடி குறைந்ததுகூட அவ்வளவு உறுத்தவில்லை.

இந்த நேரத்தில்தான் பொன்முடி ரோட்டுக்கு நல்ல காலம் பிறந்தது. ஏழாவது வளைவிலிருந்து பதினொன்றாவது வரை பழைய தாரைக் கொத்தி எடுத்தார்கள். ஒன்றரை அங்குல ஜல்லியை கணுக்கால் உயரத்துக்குக் குவித்துப் பரப்பினார்கள். ரோலர் வந்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ரோலரும் வந்தது. வந்து, ஒரு மரத்தடியில் நின்றது. இரண்டு மழைக்காலம் அங்கேயே நின்றது. அதன்மேல் ஒரு காட்டுக்கொடி ஏறிப் பூவும் விட்டது.

முதல் திங்கட்கிழமையே அந்த ஜல்லியில் பின் சக்கரம் பாம்புபோல நெளிந்து, நாங்கள் இரண்டு பேரும் சாயப்போய்த் தப்பினோம். ஆபீஸில் போய்ச் சொன்னேன். வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “ஜல்லியில டபிள் வெச்சுப் போவாங்களா ஐயா? டயர் கீறிப்போகும். வீட்டுக்காரியை இறக்கி நடக்கவிடணும்.”

எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். ஜல்லியைக் கண்டால் ஆண்பிள்ளை ஆக்சிலேட்டரை முறுக்குவான், பெண்பிள்ளை இறங்கிக்கொள்வாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து வருவாள். அவன் ஜல்லி முடிகிற இடத்தில் காலை ஊன்றி நின்று, ஏதோ மலையையே சுமந்து வந்தவன்போல நெற்றியைத் துடைப்பான். யாரும் இதில் தப்புக் கண்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தினேன்.

“இறங்கு ஸ்டெல்லா. டயர் பாவம்.”

“நான் பாவமில்லியா?”

“நீ ஒன்று போனால் நாலு பேர் பெண் தர வருவார்கள். டயர் ஒன்று போனால் யார் தருவார்கள்?”

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் குடைக்கம்பால் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு இறங்கினாள்.

அவள் ரோட்டில் நடக்கவில்லை. எஸ்டேட் ஆட்கள் வளைவுகளைச் சுற்றாமல் நேராக மேலே ஏறுகிற ஒரு குறுக்குப் பாதை உண்டு. மண்ணில் வெட்டிய படி, கொஞ்சம் வேர், கொஞ்சம் பாறை. ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். அதில் ஏறினாள். நான் ஜல்லியில் தாளம் போட்டு, நெளிந்து, காலை ஊன்றி ஊன்றிப் பதினொன்றாவது வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவள் அங்கே பையும் குடையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன, லேட்டா? பெஞ்சுமேல ஏறி நில்லுங்க.”

அன்றையிலிருந்து அது பந்தயமாகிவிட்டது. வாராவாரம் யார் முதல்? முதல் ஏழெட்டு மாசம் அவள்தான். ஒருநாள் வழியில் பறித்த கொய்யாவைத் தின்று முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர ஆரம்பித்தோம். அப்புறம் நான் ஜெயிக்கத் தொடங்கினேன்.

எனக்கு என்ன பெருமை தெரியுமா! என் ஓட்டும் திறமை கூடிவிட்டது என்று நினைத்தேன். மேலே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். ஒரு சிகரெட். ஒன்றரை சிகரெட்.

“எஸ்டேட் கொழுந்தையெல்லாம் பறிச்சு முடிச்சிட்டுத்தான் வர்றியா?”

“பாதை வழுக்குது.” இல்லாவிட்டால், “செருப்பு வார் அறுந்துபோச்சு.” இல்லாவிட்டால், “நம்ம நாலாங்கிளாஸ் முருகனுக்க அம்மையைப் பார்த்தேன். பேசிட்டு நின்னுட்டேன்.” வாரம் ஒரு காரணம். டீச்சர் அல்லவா, பிள்ளைகள் சொல்கிற சாக்கெல்லாம் மனப்பாடம்.

அதையும் உடனே சொல்லமாட்டாள். வந்ததும் சீட்டில் கையை வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சற்று நேரம் நிற்பாள். கோபம் என்று நினைத்தேன். கோபத்தைப் போக்க இன்னும் இரண்டு ஜோக் அடித்தேன்.

இதை இந்தப் பக்கத்திலேயே எழுதினேன். ‘மேலிடத்தை முந்தினேன்’ என்று ஒரு கட்டுரை. உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நிறையக் கடிதம் வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மட்டும் கார்டில் நாலே வரி எழுதியிருந்தார். “உங்கள் வீட்டில் முன்பெல்லாம் வேகமாக ஏறினார் என்கிறீர்கள். இப்போது ஏன் முடியவில்லை? டாக்டரிடம் காட்டினீர்களா?”

அதை ஸ்டெல்லாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். “வயசாகுதுன்னு பதில் போடுங்க.” அப்படியே போட்டேன். கூடவே என் சொந்தச் சரக்காக அவளுடைய எடையைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன்.

அந்தக் கார்டு எங்கே போயிற்றோ. அம்மா, இதைப் படிக்கிறீர்களா? நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி.

*

மலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில், எல்லாரும் எழுந்து பாடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா மட்டும் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். “ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி” என்றாள். உதடு நீலமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததா என்றார். வந்ததாம். அது எனக்கே அன்றுதான் தெரியும். அந்தக் காய்ச்சல் போகிறபோது இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அது வருஷத்துக்கு வருஷம் சுருங்கி வந்திருக்கிறது.

“வேலைக்கு எப்படிப் போறீங்க? நடையா? ஏத்தம், படி, இதெல்லாம் ஏறுறதுண்டா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“இல்ல டாக்டர். இவரு வண்டியில கொண்டு விடுவாரு. வாசல் வரைக்கும்.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “அது நல்ல காரியம். ஏத்தம் ஏற விட்டுடாதீங்க.”

நானும் தலையசைத்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். “ஏன் பொய் சொன்னே?”

“என்ன பொய்? வண்டியில கொண்டு விடலியா நீங்க? நாலு வளைவுதானே நடந்தேன். இருபத்திரண்டுல பதினெட்டு உங்களுக்கு. பாஸாக்கும்.”

அவளே முந்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன்.

அப்புறம் அவள் மலைக்குப் போகவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால், காலையில் காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. மன்னியுங்கள்.

எல்லாம் முடிந்தபின் அதே டாக்டரிடம் போனேன். மனு கொடுக்கப் போகிறவன்போலச் சட்டைப் பொத்தானையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு போனேன். வாராவாரம் அந்தக் குறுக்குப் பாதையில் ஏறவிட்டேன் என்பதைச் சொன்னேன். அதனால்தானா என்று கேட்டேன்.

நல்ல மனிதர். “வியாதி முன்னாடியே இருந்தது. ஏறினதால் வரவில்லை” என்றார். “ஆனால்...” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ‘ஆனால்’ மூன்று வருஷமாக என் வீட்டில் குடியிருக்கிறது.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அற்பமான பதில்தான். ‘அப்போது டயர் கிடைக்கவில்லை. டயர் கிழிந்தால் அவள் வேலைக்குப் போவது எப்படி? அவளுக்காகத்தானே டயரைக் காப்பாற்றினேன்?’ இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டு ஷேவ் பண்ணுவேன், ஆபீஸ் போவேன், இந்தப் பக்கத்தை எழுதுவேன். முட்டாள்தனமோ என்னவோ, ஒரு காரணம் என்று இருந்தது.

சனிக்கிழமை தங்கையன் அதையும் எடுத்துக்கொண்டார். அவள் நடந்ததால் டயரும் பிழைக்கவில்லை.

*

மறுநாள் ஞாயிறு. புது டயரோடு பொன்முடிக்குக் கிளம்பினேன். மூன்று வருஷத்தில் முதல்முறை. எதற்கு என்று கேட்டால் தெரியாது. வித்துராவில் சாயா குடிக்கவில்லை. அந்தக் கடையில் இரண்டு கிளாஸ் சொல்லியே பழக்கம்.

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. ரோடு நன்றாகவே இருந்தது. ஆறாவது வளைவு வரைக்கும். ஏழில்... நம்புங்கள், மறுபடி கொத்திப் போட்டிருக்கிறார்கள். அதே ஒன்றரை அங்குல ஜல்லி. ரோலர் மட்டும் வேறு.

ஜல்லி தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. இருபத்தைந்து வயசுப் பையன், பின்னால் அவன் மனைவி. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள். அவள் கையில் துணிப்பை. பையன் காலை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

“இறங்கு புள்ள. ஜல்லி.”

“இறங்காதே!”

கத்தியது நான்தான். மலையே திரும்பிப் பார்த்தது. பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன சாரே?”

“ஆளை இறக்காதே தம்பி. பின்னால பாரம் இருந்தாத்தான் சக்கரம் பிடிக்கும். மெதுவா, முதல் கியரில் ஏறு. இறக்கினா டயர் போயிடும்.”

“சாருக்கு டயர்க் கடையா?”

“இல்லை.”

“ரோடு சூப்பர்வைசரா?”

“அதுவும் இல்லை.”

“பின்னே எதுக்கு எனக்க வீட்டுக்காரிகிட்டச் சத்தம் போடுறீங்க?”

நியாயமான கேள்வி. அதற்குள் அந்தப் பெண் இறங்கிவிட்டாள். இறங்கிச் சேலையை உதறினாள்.

“சாரே, டயரு கெடக்கட்டும். இவரு ஓட்டுறது எனக்குப் பயம், பேடியாக்கும். போன மாசம் இதே வளைவுல என்னையும் முட்டைக் கூடையையும் சேர்த்துத் தள்ளிவிட்டாரு.”

“ஒரு முட்டைகூட உடையலியே!” என்றான் அவன், என்னைச் சாட்சிக்கு இழுத்து.

“முட்டை உடையல. எனக்க முட்டிதான் உடைஞ்சுது.” குறுக்குப் பாதையைக் கையால் காட்டினாள். “நான் இதுல ஏறிடுவேன். நீங்க ரெண்டு பேரும் டயரைப் பத்திப் பேசிட்டுப் பைய வாங்க.”

“அம்மா,” என்றேன். கேட்கக் கூடாதுதான். கேட்டேன். “ஏறும்போது மூச்சு வாங்குமா உனக்கு?”

அவள் விநோதமாகப் பார்த்தாள். “எனக்கா? தினம் கொழுந்துக் கூடையோட ஏறுறவ சாரே நான்.” செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

எனக்குள் ஒரு ஆசை எட்டிப்பார்த்தது. ஸ்டெல்லாவும் நான் ஓட்டுகிற லட்சணத்துக்குப் பயந்துதான் இறங்கினாளோ? நடப்பதுதான் அவளுக்கும் பிடித்திருந்ததோ? எவ்வளவு வசதியான நினைப்பு! கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டெல்லா பயந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டது மூச்சு வாங்கியதை மட்டும்தான். நினைப்பைத் திருப்பி வைத்துவிட்டேன்.

பையன் வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். நான் கத்தியபோதே என் வண்டியும் அணைந்திருந்தது. உதைக்கிற சத்தமும் ஓயவும் மலை சட்டென்று அமைதியாகிவிட்டது.

அப்போது கேட்டது. மேலே, மரங்களுக்குள், அவள் வளையல் சத்தம். காலடியில் மண் சரிகிற சத்தம். யாரையோ திட்டுவதுபோலத் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். அநேகமாக என்னைத்தான். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. எட்டாவது வளைவு தாண்டி, ஒன்பது தாண்டி... எங்கேயும் திணறல் இல்லை. நான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

“சாரு என்ன கேக்குறீங்க?” என்றான் பையன்.

“உன் மனைவிக்கு மூச்சு வாங்கவில்லை.”

“அவளுக்கா? வாங்காது” என்றான், பிளக்கை ஊதியபடி.

இரண்டு வருஷம், வாராவாரம், பதினொன்றாவது வளைவில் நான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட வண்டியை அணைத்ததில்லை. அணைத்தால் மறுபடி உதைக்க வேண்டுமே என்ற சோம்பல். அவள் ஏறி வந்து, சீட்டில் கையை வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்கள் நடுவில் அந்தப் போலீஸ்கார வண்டி அதட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே வாசகர்களே, ஜல்லி ரோடு வந்தால் பின்னால் இருக்கிறவரை இறக்கிவிடாதீர்கள். மெதுவாகப் போங்கள், டயருக்கும் அதுதான் நல்லது. இல்லை, இறங்கித்தான் ஆவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், நீங்களும் இறங்குங்கள். வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே நடங்கள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு கேட்காது.